மூன்றிலொரு பங்கு என்னும் புதிய சாஸ்திரம்

நிலக்காட்சிகளைப் படம் பிடிக்கும் நம் இளைஞரிடையே புதிய சாஸ்திரம் ஒன்று குடிபுகுந்துள்ளது. படப்பரப்பை நெடுக்கிலும் குறுக்கிலும் மும்மூன்றாகப் பிரிக்க வேண்டுமாம். அடிவானம் நடுவில் வரலாகாதாம். மரமோ மனிதனோ கோடுகள் வெட்டுமிடத்தில்தான் நிற்க வேண்டுமாம். கைபேசித் திரையிலும் அந்நான்கு கோடுகளைப் போட்டுத் தந்துவிட்டார்கள். போட்டி நடுவர் சிலரும் படத்தை விட்டுக் கோட்டையே பார்க்கின்றனர். காரணம் கேட்டாலோ, "எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்பதே விடை. இவ்விடையை நாம் வேறு இடங்களிலும் கேட்டதுண்டு அன்றோ?

இவ்விதியின் பிறப்பைச் சற்று ஆராய்வோம். 1797-ல் ஜான் தாமஸ் ஸ்மித் என்னும் ஆங்கில ஓவியர், நாட்டுப்புறக் காட்சிகளைப் பற்றிய தம் நூலில், தூரிகை பிடிப்போர்க்குக் கூறியது இது. புகைப்படக் கலை உலகறிய வந்ததோ 1839-ல்! கற்பவனுக்கு ஊன்றுகோலாக இருக்கட்டும். கால் வந்தவனையும் அதனோடு கட்டிவைப்பானேன்?

சமநிலையைக் காண அளவுகோல் உதவாது, தராசு வேண்டும். இருளும் ஒளியும், பெரியதும் சிறியதும் கண்ணை இழுக்கும் வலிமையில் வேறுபடுவன. ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் சிற்றூரில் எடுத்த நிலவுதயப் படத்தைப் பாருங்கள். மேற்புறம் பெரும்பாலும் கருவானம். அதில் ஒரு சிறு நிலா. கீழே மாலை வெயில் பட்ட கல்லறைச் சிலுவைகள். அத்தனை சிலுவைகளுக்கும் அச்சிறு நிலா ஒன்றே எதிரெடை. பிற்காலத்துப் பிரதிகளில் ஆடம்ஸ் வானத்தை இன்னும் கருக்கி அச்சிட்டார். எப்பொருளையும் இடம் நகர்த்தாமலே எடையை மாற்றினார். ஜப்பானியரான சுகிமோட்டோ 1980 முதல் எடுத்த கடற்படங்களிலோ அடிவானம் சரிபாதியில் நிற்கிறது. இவர்களையும் நம் நடுவர் தள்ளிவிடுவாரோ?

நம் ரப்பர்த் தோட்டத்துக்கு வாருங்கள். நிரையின் நடுவே நின்று நோக்கினால் மரங்கள் இருபுறமும் ஒத்து நின்று, தொலைவில் ஒரு புள்ளியிற் குவியும். அவ்வொழுங்கு இயற்கை தந்ததன்று. நம் பாட்டனும் பாட்டியும் காடு வெட்டி, குழி தோண்டி, நூல் பிடித்து நட்ட நடவு. விதிக்கு அஞ்சி ஓரமாக ஒதுங்கி எடுத்தால், தோட்டம் தானாய் முளைத்த காடுபோலத் தோன்றும். உழைத்தவன் கை மறைந்துபோகும். அந்நிரையில் மங்கைக் கவிழ்த்துப் பாலை வாளியில் ஊற்றும் பெண், "காட்சியின் அமைதியைக் கெடுக்கிறாள்" என்று சொல்லிப் படத்தின் ஓரத்தை நறுக்கிவிடுவோரும் உளர். பசிய இருளில் வெண்பால் ஏந்தி நிற்பவள் அவள். அப்படத்தில் கண்ணைப் பிடித்து நிறுத்தும் எடை அவளே!

இளைஞர்களே, அவள் நிரையின் நடுவில் நின்றால் நடுவிலேயே வைத்துப் படமெடுங்கள். போட்டிக்கும் அனுப்புங்கள். நடுவர் தள்ளினால், எக்காரணத்தால் தள்ளினார் என்று எழுத்து மூலம் கேளுங்கள்.