ஓசூருக்கு ஒரு ஜமா வேணும்

1/ ஓசூர்ல ஜிம் இருக்கு, டர்ஃப் இருக்கு, மால் இருக்கு. சாதிக்கு ஒரு சங்கம், நடிகருக்கு ஒரு ரசிகர் மன்றம் இருக்கு. ஆனா கேட்டவுடனே புரியாத இசையையும், பாத்தவுடனே புரியாத ஓவியத்தையும் பத்து பேர் ஒண்ணா உட்கார்ந்து கேக்கவும் பாக்கவும் ஒரு சின்னக் குழு என் கண்ணுல படல. அது ஏன் வேணும்னு சொல்லத்தான் இந்த நீளமான திரெட்.

2/ "டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?"ன்னு கேப்பீங்க. காரணம் ஓபிலதான் இருக்கு. 20லேர்ந்து 28 வயசு. தூக்கம் வரல, தலை பாரம், நெஞ்சு படபடப்பு. ஹீமோகுளோபின், தைராய்டு, ஈசிஜி எல்லாம் நார்மல். "ஷிப்ட் முடிஞ்சு என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டா பெரும்பாலும் ஒரே பதில்: "ரூம்ல போன் பாப்பேன் சார்." இதுக்கு நான் எழுதிக் கொடுக்க என்கிட்ட மாத்திரை இல்ல.

3/ 2025 ஜூன்ல உலக சுகாதார நிறுவனம் ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. உலகத்துல ஆறுல ஒருத்தர் தனிமையால பாதிக்கப்பட்டிருக்காங்க. வருஷத்துக்கு சுமார் 8,71,000 மரணங்களுக்கு அதோட தொடர்பு இருக்கு. இது முதியோர் பிரச்சனை மட்டும்தான்னு நினைக்காதீங்க. இளைஞர்கள்கிட்டயும் அதிகம்னு அதே அறிக்கை சொல்லுது.

4/ அதே நிறுவனத்தோட ஐரோப்பியப் பிரிவு 2019ல, கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பத்தி 3,000க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துச்சு. அதுல எல்லா ஆய்வும் ஒரே தரம் இல்ல. பாட்டு கேட்டா பிபி குறையும்னு வாட்ஸப் ஃபார்வேர்டு மாதிரி நான் சொல்ல வரல. ஒண்ணு மட்டும் தைரியமா சொல்லலாம்: வாரத்துல ஒரு நாள் போய் உட்கார ஒரு இடம், "போன வாரம் ஏன் வரல?"ன்னு கேக்க ஒரு ஆள். அது சின்ன விஷயம் இல்ல.

5/ "சரி, அதுக்கு இளையராஜா ரசிகர் குழு போதாதா?" நல்லாவே போதும், தமிழ் தெரிஞ்சவங்களுக்கு! ஆனா இது ஓசூர். பக்கத்து வீட்ல தெலுங்கு, கடைல கன்னடம், தெருவுல உருது, கம்பெனி பஸ்ல இந்தி, ஒடியா, அசாமி. சினிமாப் பாட்டு போட்டா பாதி பேருக்கு அது சின்ன வயசு ஞாபகம், மீதிப் பேருக்கு வெறும் சத்தம். யாருக்குமே பழக்கமில்லாத ஒரு இசையைப் போட்டுப் பாருங்க. எல்லாரும் ஒரே இடத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். பி.இ. படிச்சவரும் ஐடிஐ படிச்சவரும் "எனக்குப் புரியல"ன்னு சேர்ந்து சொல்ற இடம் வேற எங்க இருக்கு?

6/ அவான்-கார்ட்ங்கிற பேரைக் கேட்டு மிரள வேண்டாம். 1913ல இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ, இயந்திர யுகத்தோட சத்தங்களும் இசைதான்னு அறிக்கை எழுதி, சத்தம் எழுப்புற பெட்டிகளையும் செஞ்சார். 1948ல பாரிஸ் வானொலில இருந்த பியர் ஷெஃபர், ரயில் சத்தத்தைப் பதிவு பண்ணி, வெட்டி ஒட்டி இசை ஆக்கினார். 1952ல ஜான் கேஜோட ஒரு படைப்பு: பியானோ முன்னாடி உட்கார்ந்தவர் 4 நிமிஷம் 33 நொடி எதையும் வாசிக்கல. அரங்கத்துல அப்ப என்ன கேட்டுச்சோ அதுதான் இசை.

7/ அதையே ஓசூர்ல நடத்தினா என்ன கேக்கும்? ஹைவேல லாரி ஹாரன், தூரத்துல சைரன், மேல ஓடுற ஃபேன், பக்கத்துல ஒருத்தரோட இருமல். பிரஸ் ஷாப்ல வேலை பாக்குறவர் மெஷின் சத்தம் லேசா மாறினாலே "டை போயிடுச்சு"ன்னு கண்டுபிடிச்சிடுவார். இந்த மாதிரி இசைக்கு அவரை விட நல்ல காது யாருக்கு இருக்கு?

8/ இப்ப நம்ம நாட்டுக் கதைக்கு வருவோம். ரெண்டு கதை. முதல் கதை அகமதாபாத். அந்த ஊரு கீதா சாராபாய் 1946ல நியூயார்க் போய் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக் கொடுத்தார். மனசை அமைதிப்படுத்துறதுதான் இசையோட வேலைங்கிற எண்ணம் கேஜுக்கு அவர் மூலமாத்தான் போச்சு. அப்புறம் 1969ல, அந்த வாசிக்காத பியானோ முன்னாடி உட்கார்ந்திருந்த அதே டேவிட் டியூடர் அகமதாபாத் வந்து, தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடில எலக்ட்ரானிக் இசைக்கூடம் அமைக்க உதவினார். மூக் சிந்தசைசர் வந்து இறங்குச்சு. இந்தியர்கள் சிலர் அதுல இசையமைச்சாங்க.

9/ அப்புறம்? சில வருஷத்துல கூடம் அடங்கிப் போச்சு. டேப்புகள் ஆவணக் காப்பகத்துலயே கிடந்துச்சு. பிரிட்டனைச் சேர்ந்த இசைக் கலைஞர் பால் புர்காஸ் அதைத் தேடி எடுத்து, 2023ல தொகுப்பா வெளியான பிறகுதான் நம்மில் பலருக்கு இப்படி ஒண்ணு நடந்ததே தெரியும். உலகத்தரமான மெஷின் இருந்தும் அரை நூற்றாண்டு மறதி.

10/ ரெண்டாவது கதை சென்னை. ஓவியக் கல்லூரி முதல்வரா இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கு ஒரு கவலை. பசங்க நல்லாப் படிக்கிறாங்க, வெளிய போனதும் பிழைப்புக்காக வேற வேலைல சேர்ந்து வரையறதையே விட்டுடுறாங்க. அவங்களைக் கூட்டி கைவினைச் சங்கம் ஆரம்பிச்சார். பாத்திக் துணி செஞ்சு வித்தாங்க. அந்தக் காசுல ஈஞ்சம்பாக்கத்துல மணல்வெளியா கிடந்த கடலோர நிலத்தை வாங்கினாங்க. 1966ல சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்துச்சு.

11/ மானியம் வரட்டும்னு காத்திருக்கல. கைத்தொழில் சோறு போட்டுச்சு. அதனால ஓவியத்தை வாங்குறவன் இஷ்டத்துக்கு வரைய வேண்டிய அவசியமில்லாம போச்சு. அங்க யார் யார் இருந்தாங்க பாருங்க. பணிக்கர் கோயம்புத்தூர்ல பிறந்த மலையாளி, எஸ்.ஜி. வாசுதேவ் மைசூர்க்காரர், சுல்தான் அலி பம்பாய்ல பிறந்தவர். பி.வி. ஜானகிராம் தாமிரத் தகட்டை வெட்டி, தட்டி, பத்தவச்சு சிற்பம் செஞ்சார். நம்ம சிப்காட் வெல்டர் ஒருத்தர் அதைப் பாத்தா மொதல்ல "ஜாயின்ட் எப்படி அடிச்சிருக்கார்?"னுதான் கேப்பார். கலை விமர்சகர் கேக்குறதை விட அது நல்ல கேள்வி.

12/ இப்ப ரெண்டு கதையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. அகமதாபாத்ல மெஷின் இருந்துச்சு, அதைச் சுத்தி ஊர் சேரல. சோழமண்டலத்துல மெஷின் இல்ல, ஆளுங்க சேர்ந்தாங்க. அரை நூற்றாண்டு தாண்டியும் அது ஈசிஆர்ல நிக்குது, நீங்க இன்னைக்குப் போனாலும் பாக்கலாம். கலையைக் காப்பாத்துறது கருவி இல்ல, கூட்டம்தான். இதுதான் நான் இதுலேர்ந்து எடுத்துக்கிட்ட பாடம்.

13/ ஒரு கசப்பான உண்மையையும் சொல்லணும். சோழமண்டலத்துல கே. ராமானுஜம்னு ஒரு ஓவியர் இருந்தார். கனவு நகரங்களை வரைஞ்சவர், மனநோயோட போராடினவர். பணிக்கரும் நண்பர்களும் அவருக்கு இடம் கொடுத்தாங்க, வரைய வச்சாங்க. ஆனாலும் 1973ல அவர் தற்கொலை செஞ்சுக்கிட்டார். குழு துணையா இருக்கும், ஆனா அது சிகிச்சைக்கு மாற்று இல்ல. மனசு ரொம்ப பாரமா இருந்தா 14416க்குக் கூப்பிடுங்க. டெலி-மனாஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

14/ "இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம்ம ஊருக்கு ஒட்டாது." இப்படிச் சொல்றவங்க கிருஷ்ணகிரி பக்கம் திரௌபதி அம்மன் கோயில் மகாபாரதக் கூத்தைப் பாத்திருக்கணும். கடைசி நாள் படுகளம். மண்ணாலேயே பல அடி நீளத்துக்குத் துரியோதனன் படுத்துக் கிடப்பான். பீமனும் துரியோதனனும் வேஷம் கட்டி அவனைச் சுத்திச் சண்டை போடுவாங்க. ஊரே அழும். அப்புறம் அந்த உருவம் திரும்ப மண்ணாவே போயிடும். இதையே ஒரு பெரிய கேலரில செஞ்சா 'இன்ஸ்டலேஷன்'னு சொல்லி டிக்கெட் போடுவாங்க.

15/ 1977ல ந. முத்துசாமி கூத்துப்பட்டறை ஆரம்பிச்சப்ப நவீன நாடகத்துக்கு வேரைத் தேடினது தெருக்கூத்துலதான், புரிசை கண்ணப்பத் தம்பிரான் மாதிரி ஆசான்கள்கிட்டதான். கூத்துக் குழுவுக்கு 'ஜமா'ன்னு பேரு. உருதுலேர்ந்து வந்து தமிழ்க் கூத்துல உட்கார்ந்துக்கிட்ட வார்த்தை. ஓசூருக்கு இதை விடப் பொருத்தமான பேரு கிடைக்காது.

16/ "பெங்களூர் 40 கிலோமீட்டர்தானே, அங்க போய்ப் பாக்கலாமே?" போகலாம்தான். சாந்திநகர்ல சுரேஷ் ஜெயராம் தன்னோட வீட்டையே '1 சாந்தி ரோடு'ன்னு கலைக்கூடமா ஆக்கி வச்சிருக்கார், அவசியம் போய்ப் பாருங்க. ஆனா ஏழு மணி நிகழ்ச்சிக்குப் போய்ட்டு, சில்க்போர்டு டிராஃபிக்ல மாட்டி, அத்திப்பள்ளி தாண்டி வர்றதுக்குள்ள ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிடுவாங்க. காலைல ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் வேற. கலை பெங்களூர்ல, வேலை மட்டும் ஓசூர்லன்னா, இங்க இருக்குறவங்க யாரு? வெறும் மேன்பவரா?

17/ எப்படி ஆரம்பிக்கிறது? என் யோசனை இது:
– பத்து பேர், ஒரு அறை. நூலகம், பள்ளிக்கூடம், ஒருத்தர் வீட்டு மொட்டை மாடி, எதுவும் போதும்.
– ஞாயிறு சாயங்காலம் நாலுலேர்ந்து ஆறு. பொண்ணுங்க பயமில்லாம வந்து, நேரத்துக்கு ஹாஸ்டல் திரும்பணும்.
– ஷிப்ட் மாறும்ங்கிறதால அதே விஷயத்தை அடுத்த வாரமும் ஒரு தடவை.
– இருபது நிமிஷம் இசை, இல்லன்னா ஒரு ஓவியம். அதுவரைக்கும் போன் சைலன்ட்.
– அப்புறம் அவங்கவங்க மொழில பேசலாம். பக்கத்துல இருக்குறவர் மொழிபெயர்ப்பார்.

18/ – தலைவர், செயலாளர், சிறப்பு விருந்தினர், பொன்னாடை கிடையாது.
– "புரியல", "பிடிக்கல" ரெண்டும் முழுமையான கருத்துதான். "உனக்கு ரசனை இல்ல"ன்னு சொல்றவர் அடுத்த வாரம் டீ வாங்கித் தரணும்.
– செலவு ஆளுக்கு அம்பது ரூபா. அதுக்கு மேல ஆச்சுன்னா சோழமண்டலம் மாதிரி கைவேலை செஞ்சு விக்கலாம். வெல்டர், டர்னர், தையல்காரர் நிறைஞ்ச ஊருங்க இது.

19/ டாக்டரா ஒரே ஒரு கண்டிஷன்: வால்யூம். ஃபேக்டரிகள்ல 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரைக்கும் அனுமதி இருக்கு. ஆனா உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பா பாட்டு கேக்கச் சொல்ற அளவு 80 டெசிபல், அதுவும் வாரத்துக்கு 40 மணி நேரம்தான். சத்தத்தால போற காது மொதல்ல 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் போகும். பேச்சு கேக்குறதால ஆரம்பத்துல தெரியாது. தெரியும்போது திரும்ப வராது. வேலைல இயர் பிளக் போடுங்க. ஜமாவுல மெதுவா வைங்க.

20/ "சோத்துக்கே வழியில்லாதப்ப இது தேவையா?"ன்னு ஒரு கமென்ட் நிச்சயம் வரும். நான் கேக்குறது வேற. சோத்துக்கு வழி தேடித்தான் இந்தப் பசங்க ஊரை விட்டு வந்தாங்க. அது கிடைச்ச பிறகும் ரூம்ல தனியாத்தான் கிடக்கணுமா? மொபெட்டுல தொடங்கி வாட்ச், லாரி, இப்ப போன் பாகம் வரைக்கும் செய்யுற கை இந்த ஊரோடது. அந்தக் கைக்கும் காதுக்கும் உற்பத்திக் கணக்குல வராத ரெண்டு மணி நேரம் வேணும்.

21/ பெரிய ஆர்ட் கேலரியோ, அரசுத் திட்டமோ, மூக் சிந்தசைசரோ நான் கேக்கல. ஓசூர்ல மெஷினுக்குப் பஞ்சமே இல்ல. கேக்குறது பத்து பேரும் ஒரு பாயும் ஒரு ஸ்பீக்கரும்தான். உங்ககிட்ட ஒரு அறை இருந்தா கீழ சொல்லுங்க. அறை இல்ல, ஆனா வருவேன்னா அதையும் சொல்லுங்க. கிருஷ்ணகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டை மக்களும் சேர்த்துதான்.

இது என் சொந்தக் கருத்து, துறையோட கருத்து இல்ல.