ஜிப் வைத்த குரோஷா பை

நடுராத்திரி குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதிக்கும்போதுதான் தெர்மாமீட்டர் கிடைக்காது! அதற்காகவே இந்தப் பையைப் பின்னினேன். "இதுக்கு ஒரு பையா?" என்று சிரித்தவர்தான் இப்போது முதலில் அதைத் தேடுகிறார்!

6 அங்குல ஜிப்பை நனைத்துக் காய வையுங்கள். பிற்பாடு சுருங்கி இழுக்காது. ஜிப் நீளத்துக்குச் சங்கிலி போட்டு, அதன் இரு பக்கமும் ஒற்றைப் பின்னல். முனைகளில் மட்டும் ஒரே கண்ணில் 3. திருப்பாமல் சுற்றிச் சுற்றி 5 அங்குலம் பின்னினால், அடியில் தையலே இல்லாத பை ரெடி. வாயில் ஜிப்பைக் குண்டூசியால் நிறுத்தி, கையால் தைத்துவிடுங்கள். உள்ளே பழைய பருத்திப் புடவைத் துண்டில் லைனிங் அவசியம். இல்லாவிட்டால் ஜிப் நூலில் சிக்கி உயிரை வாங்கும்.

தெர்மாமீட்டர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பஞ்சு, டாக்டர் நம்பர் எழுதிய சீட்டு எல்லாம் அடங்கும். காய்ச்சல் மாத்திரையும் வைப்பதென்றால், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஆணி அடித்து மாட்டுங்கள்.