வைரம் மட்டும் அறுப்பதில்லை

வைரத்தை வைரத்தால்தான் அறுக்க வேண்டும் என்ற பழமொழியை நம்மில் அறியாதவர் இல்லை. அப்பழமொழியின் நிழலில் வளர்ந்ததோ என்னவோ, கல்லையும் கான்கிரீட்டையும் தேய்த்து மெருகிடும் தொழிலில் இன்று ஒரு நம்பிக்கை ஆழ வேரூன்றி நிற்கிறது. வைரமே உலகில் மிகக் கடினமான பதார்த்தம். ஆகையால் வைரம் பதித்த கருவி எதுவாயினும் எந்தத் தரையையும் தேய்த்துவிடும். தேய்க்கவில்லையென்றால் அதிலுள்ள வைரம் போலி, அல்லது பிடிக்கிறவன் கைக்குப் பலம் போதாது என்பதே அந்த நம்பிக்கை. ஹார்டுவேர்க் கடைக்காரர் இதைச் சொல்லியே விற்கிறார். வீடு கட்டுகிறவர் இதை நம்பியே வாங்குகிறார். மேஸ்திரியும் இதையே பிரமாணமாகக் கொண்டு ஆட்களை விரட்டுகிறார். இவ்வபிப்பிராயத்தின் முதல் வாக்கியம் மட்டுமே உண்மை என்றும், அதிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் மற்றவை யாவும் பிழை என்றும், அப்பிழையால் பணம் மட்டுமன்றி மனிதருடைய மூச்சும் வீணாகிறது என்றும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் பழைய கான்கிரீட் தரையை மட்டமாக்கி மெருகிட ஆட்கள் வந்திருந்தார்கள். புதிதாக வாங்கிய கப் வீல் என்னும் வைரச் சக்கரத்தைக் கிரைண்டரில் மாட்டித் தேய்த்தபோது முதற் பத்து நிமிஷம் மாவுபோல் தூள் பறந்தது. பிறகு தூள் குறைந்து, கருவி தரையின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடி, கீச்சென்று ஒலியெழுப்பி, சற்றைக்கெல்லாம் தீய்ந்த நாற்றமும் வந்தது. வைரமே இல்லை, ஏமாற்றிவிட்டான் என்று மேஸ்திரி கடைக்காரரை வைதார். அருகில் சுவரோரம் அமர்ந்திருந்த வயதான தொழிலாளி ஒருவர் எழுந்து வந்து, கருவி நின்றபின் அதன் பற்களை நகத்தால் தடவிப் பார்த்து, "கல்லுல குத்தம் இல்லீங்க, வாய் அடைச்சுப் போச்சு" என்று சொல்லி, வெளியே குவித்திருந்த மணலில் இரண்டு கை அள்ளித் தரையில் தூவி, அதன்மேல் கருவியை மெதுவாக ஓட்டினார். ஒரு நிமிஷத்துக்குள் தூள் மீண்டும் பறந்தது. அவர் காட்ட நானும் தொட்டுப் பார்த்தேன். முன்பு கண்ணாடிபோல் வழவழத்த பற்கள் இப்போது பூனையின் நாக்குப்போல் சொரசொரத்தன. அறிவியல் நூல் எதையும் படிக்காத அப்பெரியவர் செய்த காரியத்தில் இத்தொழிலின் தத்துவம் முழுவதும் அடங்கியிருந்தது.

அதை விளக்கினால் முதல் வாதத்துக்கு மறுப்பும் அதிலேயே கிடைக்கும். கப் வீலின் விளிம்பில் பற்களாக நிற்கும் துண்டுகள் வைரக் கட்டிகள் அல்ல. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம், கோபால்ட், இரும்பு முதலிய உலோகத் தூள்களோடு வைரப் பொடியைக் கலந்து, அச்சிலிட்டு அழுத்தி, உஷ்ணத்தால் இறுகச் செய்த கலவைத் துண்டுகள் அவை. கேக்கில் முந்திரிப் பருப்பு புதைந்திருப்பதுபோல் உலோகத்தினுள் வைரம் எங்கும் புதைந்திருக்க, மேற்பரப்பில் நுனி நீட்டி நிற்கும் சில மணிகளே வேலை செய்கின்றன. அம்மணிகள் மழுங்கி உடைந்து உதிரும்போது, அவற்றைப் பற்றியிருந்த உலோகமும் உடன் தேய்ந்து, அடியிலுள்ள புதிய மணிகளுக்கு வழிவிட வேண்டும். உலோகம் தேயாமல் பிடிவாதமாக நின்றுவிட்டால், மழுங்கிய வைரத்தோடு அது தரைமேல் வழுக்கும். பெரியவர் சொன்ன வாய் அடைப்பு இதுவே. அவர் தூவிய மணல் உலோகத்தைத் தேய்த்து வைரத்தை வெளிக்கொணர்ந்தது.

இதிலிருந்து, முதலில் கேட்பவர் எவரையும் திகைக்க வைக்கும் ஒரு விதி பிறக்கிறது. கடினமான கல்லுக்குக் கடினமான கருவி என்பது உலக வழக்கு. இத்தொழிலிலோ கடினமான கல்லுக்கு மென்மையான உலோகம் வேண்டும், மென்மையான கல்லுக்குக் கடினமான உலோகம் வேண்டும். கடைகளில் சாஃப்ட் பாண்டு, ஹார்டு பாண்டு என்று குறிப்பது வைரத்தின் தன்மையை அன்று, அதைப் பிணைத்துள்ள உலோகத்தின் தன்மையையே. இறுகிய கருங்கல்லும், ஆண்டுக்கணக்கில் முற்றி நன்றாக மட்டம் அடித்த கான்கிரீட்டும் மிக நுண்ணிய தூளையே தரும். அத்தூளுக்கு உலோகத்தை அரிக்கும் வலிமை குறைவு. ஆதலால் உலோகம் எளிதில் தேயக்கூடியதாக இருத்தல் அவசியம். மணற்கல்லும், சிமெண்டு குறைந்து கையால் சுரண்டினாலே மணல் உதிரும் கான்கிரீட்டும், போட்டுச் சில நாளே ஆன பச்சைக் கான்கிரீட்டும் இதற்கு நேர்மாறானவை. அவற்றிலிருந்து பெயரும் முழுமணல் உலோகத்தை அரித்துத் தின்றுவிட, வைரம் தன் வேலை முடியுமுன்பே பிடியிழந்து உதிர்ந்துபோகும். அங்கே கடினமான உலோகமே தாங்கும்.

"கடினத்தன்மைக்கு அளவு இருக்கிறதே, அதைப் பார்த்து வாங்கினால் போதாதா?" என்று படித்தவர்கள் ஓர் ஆட்சேபம் எழுப்புவதுண்டு. ஜெர்மானியக் கனிமவியலார் ஃபிரெட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த வரிசையில் சலவைக்கல்லின் கால்சைட்டுக்கு 3, கருங்கல்லிலுள்ள ஃபெல்ட்ஸ்பாருக்கு 6, குவார்ட்ஸுக்கு 7, வைரத்துக்கு 10 என்பது உண்மையே. ஆனால் மணற்கல்லின் மணியும் அதே குவார்ட்ஸ்தான். ஒரே கனிமம் கருங்கல்லில் இறுகப் பின்னிக் கிடக்கிறது, மணற்கல்லில் தளர்ந்து நிற்கிறது. கருவிக்கு நேரும் கதி அந்தப் பின்னலைப் பொறுத்தது. எண்ணைக் கேட்டு வாங்குவதைக் காட்டிலும், தரையின் ஒரு மூலையை ஆணியால் கீறி, உதிர்வது மாவா மணலா என்று விரலிடையே தேய்த்துப் பார்ப்பது நூறு மடங்கு பயன் தரும்.

நெடுநாள் தேயாத கருவியே நல்ல கருவி என்ற அடுத்த வாதம் இதனோடு தானே விழுகிறது. உளி கொண்டு கருங்கல்லில் வேலை செய்யும் சிற்பி, முனை மழுங்குந்தோறும் அதை உலையிலிட்டுக் காய்ச்சி, அடித்துத் துவைத்து, மீண்டும் கூராக்கிக்கொள்வது நம் நாட்டுப் பழைய வழக்கம். சிற்பக் கூடத்தின் ஓரத்தில் உலைக்களமும் அதற்காகவே இருந்தது. வைரக் கருவியோ அந்த உலைக்களத்தைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. தேய்வதே அது கூராகும் முறை. தேயாத பல் கூராகாத பல். ஒற்றை அடுக்கு வைரத்தை நிக்கல் பூச்சினால் ஒட்டிய கருவிகள் மட்டும் இவ்விதிக்கு விலக்கு. அவற்றில் மேலடுக்கு போனால் அடியில் ஒன்றுமில்லை.

வைரம் மிகுந்திருந்தால் நல்லது என்பாரும் உளர். இத்தொழிலில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.4 காரட், அதாவது கன அளவில் கால் பங்கு வைரம் இருப்பதை 100 என்று கணக்கிடுவது மரபு. கருவியை நாம் அழுத்தும் விசை, வெளியே நிற்கும் மணிகள் எல்லாவற்றிலும் பங்காகிறது; மணிகள் மிகுந்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு குறைந்து, கல்லில் இறங்கும் வலிமையில்லாமல் அவை உராய்ந்து உராய்ந்தே மழுங்கும். கையால் பிடிக்கும் சிறு இயந்திரத்துக்கு, பல் நிறைந்த இரட்டை வரிசைக் கப் வீலைவிட ஒற்றை வரிசையே சில வேளைகளில் நன்றாகக் கடிப்பதற்குக் காரணம் இதுதான். இனி, செயற்கை வைரம் தரக்குறைவு என்ற பேச்சுக்கு நீண்ட மறுப்பு வேண்டியதில்லை. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் டிரேசி ஹால் வைரம் ஆக்கிக் காட்டியது முதல் இத்தொழில் வளர்ந்ததே அதனால்தான். மணியின் வடிவையும் உறுதியையும் வேலைக்கேற்ப அமைத்துக்கொள்ள முடிவது செயற்கை வைரத்தில்தான்.

எல்லாவற்றிலும் கெடுதல் மிகுந்தது, "அழுத்திப் பிடி, வேகத்தைக் கூட்டு" என்ற கட்டளை. நான்கு அங்குல கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 முறை சுழல்கிறது. அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வேகத்தில் கல்லோடு உராய்கிறது. கல்லை வெல்லும் வைரம் உஷ்ணத்துக்குத் தோற்றுவிடும். அது கரியின் ஓர் உருவமேயாதலால் காற்றில் சுமார் 700 டிகிரிக்கு மேல் சூடேறினால் எரிந்து கெடத் தொடங்குகிறது. வாய் அடைத்த கருவியை மேலும் அழுத்துவது மழுங்கிய வைரத்தைச் சுட்டுக் கருக்குவதன்றி வேறில்லை. மெருகுக்குரிய ரெசின் பேடுகளின் நிலை இன்னும் பரிதாபம். அவை நிமிஷத்துக்குச் சுமார் 4,500 சுற்றுக்கு மேல் தாங்காதவை. வேகம் குறைக்க வகையில்லாத இயந்திரத்தில் அவற்றை மாட்டினால், ரெசின் உருகிக் கல்லின்மேல் கறையாகப் படிந்துவிடும். அக்கறையைப் போக்க மறுபடி முதலிலிருந்து தேய்க்க நேரும். கருவியின் முதுகிலுள்ள அம்புக் குறியைப் பொருட்படுத்தாமல் மாட்டுவதும் இவ்வகைத் தவறே. பூதக்கண்ணாடியால் பார்த்தால், ஓடித் தேய்ந்த பல்லில் ஒவ்வொரு வைர மணிக்கும் பின்னால் வால்நட்சத்திரத்தின் வால்போல் உலோகம் சரிந்து நின்று அதற்கு முட்டுக் கொடுப்பது தெரியும். திசையை மாற்றினால் அந்த முட்டு முன்னால் போய், மணி ஆதாரமின்றிப் பெயர்ந்துவிடும்.

வைரப் பொடியின் நுண்மையைக் குறிக்கும் 50, 100, 200, 400, 800 என்ற எண்களில் படிப்படியாக ஏற வேண்டிய மெருகில் இரண்டு படிகளைத் தாண்டிப் போனால் நாள் மிச்சம் என்பவர்களுக்கு ஒரே பதில்: 50ஆம் எண் விட்ட கீறலை 400ஆம் எண் அழிக்காது, பளபளப்பாக்கிக் காட்டும். மாலை வெயில் சாய்வாகத் தரையில் விழும்போது, வளையம் வளையமாக அத்தனையும் தெரியும்.

கடைசியாக, தண்ணீர் சூட்டைத் தணிக்க மட்டுமே, தூசுக்கு முகத்தில் ஒரு துண்டு கட்டினால் போதும் என்ற வாதம். இதை மறுக்கும்போது என் மனம் பதறுகிறது. கருங்கல்லிலும் கான்கிரீட்டு மணலிலும் இருக்கும் குவார்ட்ஸ், தேய்படும்போது தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நுண்துகளாகிறது. துணியின் இழைகளுக்கிடையே அது தடையின்றிப் புகுந்து நுரையீரலின் கடைசி அறைவரை சென்று தங்கி, அங்கே தழும்பேற்றி, சிலிக்கோசிஸ் என்னும் மீளாத நோயைத் தருகிறது. இந்நோயை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் அட்டவணையில் வைத்தது. இத்துகள் புற்றுநோய் விளைப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் வகைப்படுத்தியது. சமையல் மேடைக்கு இன்று விரும்பி வாங்கும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளில் சிலிக்கா 90 சதவீதத்தையும் எட்டுவதால், அவற்றை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடை செய்தேவிட்டது. கண்ணுக்குத் தெரியும் புழுதி அடங்கியபின்னும், தெரியாத துகள் அறையில் நெடுநேரம் மிதக்கிறது. தண்ணீரின் முதல் வேலை அதைச் சேறாக்கித் தரையிலேயே பிடித்து வைப்பது. சூட்டைத் தணிப்பது இரண்டாவது வேலை. சாதாரணக் கை கிரைண்டர்மேல் குடத்துத் தண்ணீரை ஊற்றுவது மின்சாரத்தால் உயிருக்கு ஆபத்து. தண்ணீர்க் குழாய் அமைந்த இயந்திரமும், மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி.யும் வேண்டும். உலர்வாகவே தேய்க்க வேண்டிய இடத்தில், கப் வீலைச் சுற்றி மூடி மாட்டித் தூசை இழுக்கும் வாக்குவம் இயந்திரமும், முகத்தில் பொருந்தி நிற்கும் என்95 கவசமும் இன்றியமையாதவை.

இவற்றுக்கெல்லாம் செலவாகுமே என்று கேட்பீர்கள். ஆகும்; அதைக் கொடுக்க வேண்டியவர் தினக்கூலிக்குத் தேய்க்க வரும் ஆள் அல்லர், வீட்டுக்காரரே. உங்கள் வீட்டுத் தரையை மெருகிட ஆள் பேசும்போது, சதுர அடிக்கு என்ன விலை என்று கேட்குமுன் தண்ணீர் வைத்துத் தேய்ப்பீர்களா என்று கேளுங்கள்; தூசு இழுக்கும் இயந்திரத்தின் வாடகையையும் கவசத்தின் விலையையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.