கார் நின்ற இடத்தில் 51 மாடி... சாப்பாட்டுக் கடை தப்பியது எப்படி?

சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட். லேவாதேவி செய்த செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த இடம். 'செட்டித் தெரு' என்றால்தான் பழைய தமிழர்களுக்குப் புரியும்.

இங்கே 1984-ல் கட்டிய 10 மாடி 'கோல்டன் ஷூ' கார் பார்க், 2017-ல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இப்போது 280 மீட்டர் உயர 'கேப்பிட்டாஸ்பிரிங்' நிற்கிறது. 51 மாடி!

கஷ்டம் கார் வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்தால் தப்பு. கார் பார்க்கின் 2, 3-வது மாடிகளில் உணவங்காடி இருந்தது. சுற்றுவட்டாரத்தில் வேலை பார்ப்பவர்களின் மதியச் சாப்பாடு அங்கேதான்.

நகரின் நடுவே நில விலை ஏறினால் முதலில் காலியாவது மலிவுச் சாப்பாட்டுக் கடை. இங்கே தப்பியதற்குக் காரணம், உணவங்காடிக்கும் திட்டத்திலேயே இடம் ஒதுக்கியதுதான். வேலை முடியும்வரை பக்கத்தில் கிராஸ் ஸ்ட்ரீட்டில் தற்காலிகக் கடைகள் கொடுத்தார்கள். கட்டிடம் 2021-ல் முடிந்தது. புதுக் கட்டிடத்திலும் அதே 2, 3-வது மாடிகளில் 56 கடைகள்!

ஆனாலும் இடையில் நாலு வருஷத்துக்கு மேல் ஓடிப்போச்சு. நடுவில் கொரோனா வேறு. பழைய வாடிக்கையாளர்களைக் கடைக்காரர்கள் மறுபடி தேடிப் பிடிக்க வேண்டியதாச்சு.

எந்த ஊரில் எதை இடித்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இங்கே சாப்பிடுறவங்க நாளைக்கு எங்கே போவாங்க?