ஆபீஸ் மெயிலை சொந்த போனில் சேர்க்கிறீங்களா? 'அனுமதி' கொடுக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

புதிய வேலையில் முதல் நாள். ஐ.டி. டீமிடமிருந்து மெயில் ஐடியும் தற்காலிக பாஸ்வேர்டும் வருகின்றன. "போன்ல மெயில் செட் பண்ணிடுங்க, மதியம் மீட்டிங் இன்வைட் வரும்" என்கிறார் டீம் லீட். புதிதாகச் சேர்ந்தவர் தன் சொந்த ஆண்ட்ராய்டு போனை எடுத்து கணக்கைச் சேர்க்கிறார். நடுவில் ஒரு திரை வருகிறது. எல்லாத் தரவையும் அழிப்பது, பாஸ்வேர்டு விதிகளை வகுப்பது, போனை லாக் செய்வது என்று ஒரு பட்டியல். கீழே 'ஆக்டிவேட்' பட்டன். மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது. அழுத்திவிடுகிறார்.

அந்த ஒரு தட்டலில், போனில் இருக்கும் குடும்ப போட்டோ வரை எல்லாவற்றையும் தொலைவிலிருந்தே அழிக்கும் அதிகாரம் கம்பெனியின் சர்வருக்குப் போயிருக்கலாம். மெயில் கணக்கைச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலைதான். ஆனால் யாருக்கு என்ன அதிகாரம் கொடுக்கிறோம் என்பது அந்த ஐந்து நிமிடத்தில்தான் முடிவாகிறது.

கணக்கைச் சேர்க்கும்போது என்ன நடக்கிறது?

மெயில் ஆப் ஒரு சர்வரோடு பேசத் தொடங்குகிறது. அது பேசும் முறைகள் முக்கியமாக மூன்று.

பழைய முறை பாப். சர்வரில் இருக்கும் மெயிலை ஒரு கருவிக்கு இறக்கிக்கொள்ளும். 'சர்வரில் பிரதி இருக்கட்டும்' என்ற தேர்வு ஆனில் இல்லாவிட்டால், போன் தொலைந்தால் மெயிலும் போச்சு. அடுத்தது ஐமேப். இதில் மெயில் சர்வரிலேயே இருக்கும், போனும் லேப்டாப்பும் அதன் பிரதியைக் காட்டும். ஒன்றில் படித்தது மற்றொன்றிலும் படித்ததாகத் தெரியும். சொந்த மெயிலுக்கு இதுவே போதும்.

மூன்றாவது, பல அலுவலகங்கள் பயன்படுத்தும் எக்ஸ்சேஞ்ச் ஆக்டிவ்சிங்க். மெயிலோடு காலண்டர், கான்டாக்ட்ஸ் எல்லாம் ஒரே இணைப்பில் வந்துவிடும். ஐமேப்பும் பாப்பும் மெயிலை மட்டும்தான் கொண்டுவரும். ஆக்டிவ்சிங்க் அதோடு கம்பெனியின் விதிகளையும் போனுக்குள் கொண்டுவரும்.

பாஸ்வேர்டு சரி, ஆனா உள்ளே போகலையே ஏன்?

பழைய மெயில் ஆப்பில் பாஸ்வேர்டைச் சரியாகப் போட்டும் 'தவறான பாஸ்வேர்டு' என்று வருவது பலருக்கும் நடந்திருக்கும். தப்பு அவர்கள் மேல் இல்லை, விதிகள் மாறிவிட்டன.

முன்பு மெயில் ஆப் உங்கள் பாஸ்வேர்டையே போனில் சேமித்து, ஒவ்வொரு முறையும் சர்வருக்கு அனுப்பும். பாஸ்வேர்டு ஒருமுறை கசிந்தால் போதும், யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் உள்ளே வரலாம். ஓ.டி.பி. போன்ற இரண்டாவது சரிபார்ப்புக்கு இந்த முறையில் இடமே கிடையாது.

அதனால் பெரிய நிறுவனங்கள் இந்தக் கதவை ஒவ்வொன்றாக மூடின. 2022 மே 30 முதல் தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு வெறும் பாஸ்வேர்டில் நுழையும் ஆப்களை கூகுள் நிறுத்தத் தொடங்கியது. 2022 அக்டோபரிலிருந்து அலுவலகங்களுக்கான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் மைக்ரோசாஃப்ட் இதையே செய்தது. 2024 செப்டம்பர் 16-ல் தனிநபர் அவுட்லுக், ஹாட்மெயில் கணக்குகளுக்கும் இது வந்தது.

இப்போது ஆப்பில் கணக்கைச் சேர்த்தால், கூகுள் அல்லது மைக்ரோசாஃப்டின் சொந்த லாகின் பக்கம் திறக்கிறது. பாஸ்வேர்டு அங்கேயே நின்றுவிடும். ஆப்புக்குக் கிடைப்பது ஒரு டோக்கன் மட்டும். அபார்ட்மென்டில் வேலைக்கு வருபவருக்கு வீட்டுச் சாவியைக் கொடுக்காமல் கேட் பாஸ் கொடுப்பது மாதிரி. எதற்கு அனுமதி என்று அதிலேயே இருக்கும். வேண்டாம் என்றால் அந்த பாஸை மட்டும் ரத்து செய்துவிடலாம், பூட்டை மாற்ற வேண்டாம்.

இந்த முறை தெரியாத பழைய ஆப்தான் வேண்டும் என்றால், ஜிமெயிலில் 'ஆப் பாஸ்வேர்டு' என்ற 16 எழுத்துச் சொல்லை உருவாக்கிக்கொள்ளலாம். அதற்கு இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு ஆனில் இருக்க வேண்டும். முதன்மை பாஸ்வேர்டை மாற்றினால் இது தானாகவே செல்லாமல் போகும்.

சொந்த மெயிலைப் பொறுத்தவரை இந்த மாற்றத்தால் கட்டுப்பாடு பயனர் கைக்கு வந்திருக்கிறது. ஆபீஸ் மெயிலில் கதை வேறு.

கம்பெனியால் போனையே அழிக்க முடியுமா?

முடியும், கணக்கு எப்படிச் சேர்க்கப்பட்டது என்பதைப் பொறுத்து. போனில் இருக்கும் பொதுவான மெயில் ஆப்பில் எக்ஸ்சேஞ்ச் கணக்கைச் சேர்த்து நிர்வாக அனுமதியும் கொடுத்திருந்தால், அட்மின் அனுப்பும் 'ரிமோட் வைப்' கட்டளை போனை ஃபேக்டரி நிலைக்கே கொண்டுபோகலாம். ஐபோனின் மெயில் ஆப்பும் இந்தக் கட்டளைக்குக் கட்டுப்படும். கணக்கின் தரவை மட்டும் அழிக்கும் தேர்வும் அட்மினிடம் உண்டு. ஆனால் எதை அழுத்துவது என்பது அவர் கையில்.

கம்பெனியின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஊழியரின் போன் பஸ்ஸில் திருடுபோனால், வாடிக்கையாளர்களின் தகவலும் சேர்ந்துதான் போகிறது. அதை அழிக்க ஒரு வழி வேண்டும். ஆனால் அதற்காக வீட்டு போட்டோவும் ஏன் சேர்ந்து போக வேண்டும் என்பதுதான் கேள்வி.

இரண்டையும் பிரித்து வைக்க வழி இருக்கு

அதே எக்ஸ்சேஞ்ச் கணக்கை மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் ஆப்பில் சேர்த்தால், எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ரிமோட் வைப் அந்த ஆப்புக்குள் இருக்கும் தரவோடு நின்றுவிடும். கேலரியைத் தொடாது.

ஆண்ட்ராய்டில் 'ஒர்க் ப்ரொஃபைல்' என்ற வசதி 2014-ல் வந்த 5.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஆபீஸ் ஆப்கள் சின்னப் பெட்டி அடையாளத்தோடு தனிப் பகுதியில் இருக்கும். ஊழியரின் சொந்த போனில் கம்பெனி இந்தப் பகுதியை மட்டும்தான் அழிக்க முடியும். மறுபக்கத்தில் இருக்கும் போட்டோ, சாட், ஆப் தரவு அதற்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதியை மொத்தமாக நிறுத்தியும் வைக்கலாம். ஐபோனிலும் 2019-ல் வந்த ஐ.ஓ.எஸ். 13 முதல் 'யூசர் என்ரோல்மென்ட்' என்ற பெயரில் இதேபோன்ற வசதி உண்டு.

ஆக, தொழில்நுட்பம் இருக்கிறது. அதை அமைப்பதா வேண்டாமா என்பது பெரும்பாலும் கம்பெனியின் முடிவு. அதனால்தான் ஊழியர் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. எந்த வழியில் சேர்த்தாலும் ஆபீஸ் மெயில் கணக்கு கம்பெனியுடையது. அதிலிருக்கும் மெயிலைப் பார்க்கும் வசதி கம்பெனிக்கு இருக்கிறது. பேங்க் ஸ்டேட்மென்ட், வேறு வேலைக்கான இன்டர்வியூ மெயில் எல்லாம் அங்கே வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது.

தனிநபர் தரவைக் கையாள ஒப்புதல் வேண்டும் என்பது சட்டத்தின் பொது விதி. ஆனால் வேலை சார்ந்த நோக்கங்களுக்கும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்கும் 7-வது பிரிவு விலக்கு தருகிறது. வணிக ரகசியத்தைக் காப்பது இதில் வரும். ஊழியரின் குடும்ப போட்டோவை அழிப்பதும் இதில் அடங்குமா என்பது வாதத்துக்குரியது. நடைமுறையில், வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட கருவிக் கொள்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முதலில் பேசப்படும்.

என்ன செய்யலாம்?

• சேர்க்கும் முன் ஐ.டி. டீமிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "ரிமோட் வைப் பண்ணா முழு போனும் போகுமா, ஆபீஸ் டேட்டா மட்டுமா?" பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

• 'எல்லாத் தரவையும் அழி' என்று திரை சொன்னால் அங்கேயே நில்லுங்கள். ஒர்க் ப்ரொஃபைலோ தனி ஆப்போ கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் பிரவுசரில் மெயில் பார்ப்பதும் ஒரு வழி.

• ஏற்கனவே அனுமதி கொடுத்தாச்சா? ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின்' என்று தேடினால் யாருக்கு அந்த அதிகாரம் இருக்கிறது என்று தெரியும்.

• போட்டோ, கான்டாக்ட்ஸ் இரண்டுக்கும் சொந்தக் கணக்கில் பேக்கப் இருக்கட்டும். புதிய எண்களைச் சேமிக்கும்போது அவை ஆபீஸ் கணக்கில் போய் உட்காராமல் பாருங்கள்.

• கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்குகளில் எந்தெந்த ஆப்புக்கு அனுமதி கொடுத்தோம் என்ற பட்டியல் இருக்கும். பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதும் என்று விட்டுவிடாமல், பயன்படுத்தாத ஆப்களை அங்கிருந்து நீக்குங்கள்.

• வேலையை விடும்போது லேப்டாப்பைத் திருப்பிக் கொடுப்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். கடைசி நாளில் ஐ.டி. டீமிடம் சொல்லிவிட்டு, போனிலிருந்து ஆபீஸ் கணக்கையும் நீக்குங்கள். விலகிய ஊழியரின் கணக்கை மூடும்போது வைப் கட்டளை போவது பல இடங்களில் வழக்கம். அந்த நேரத்தில் கணக்கு இன்னும் போனில் இருந்தால், அழியப்போவது மெயில் மட்டுமா என்பது முதல் நாள் அழுத்திய பட்டனைப் பொறுத்தது.