குறுஞ்செய்தி காட்டிய வழி

சுகாதாரத் துறையைக் கணினிமயமாக்குவது என்றாலே பெருஞ்செலவு என்ற எண்ணம் ஏழை நாடுகளின் அதிகார மட்டத்தில் ஊறிப்போயிருக்கிறது. தான்சானியாவில் 2009-இல் தொடங்கிய ‘எஸ்எம்எஸ் ஃபார் லைஃப்’ முன்னோடித் திட்டம் அதைப் பொய்யாக்கியது.

மூன்று மாவட்டங்களில் 129 சுகாதார மையங்கள் இதில் சேர்ந்தன. வியாழன்தோறும் ஊழியரின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். மலேரியா மருந்துகளின் கையிருப்பை எண்ணி, கட்டணமின்றிப் பதில் அனுப்ப வேண்டும். மறுநாளைக்குள் அனுப்பினால், கைப்பேசிக்கு இலவச ரீசார்ஜ். ஏதேனும் ஒரு மலேரியா மருந்தாவது தீர்ந்துபோயிருந்த மையங்கள் முதல் வாரத்தில் 78 சதவீதம். 21-ஆவது வாரத்தில் 26 சதவீதம்.

மருந்தைக் கொண்டுசேர்த்தது கைப்பேசி அல்ல. கணக்கைப் பார்த்த மாவட்ட அதிகாரிகள் உடனே செயல்பட்டதுதான் பலன் தந்தது. மாறாக, பதிவேடு, படிவம், செயலி என ஒரே விவரத்தை மூன்று முறை எழுதவைத்து, அதை எவரும் திரும்பிப் பார்க்காவிட்டால் ஊழியர் ஏனோதானோவென்றுதான் நிரப்புவார்.

வெளிநாட்டு நிதி நின்றதும் நல்ல திட்டங்கள் படுத்துவிடுவது இன்னொரு நோய். இயக்கச் செலவை அரசுகள் தங்கள் ஆண்டு பட்ஜெட்டிலேயே ஒதுக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் வேர்விட்டு இன்று பல நாடுகளில் பயன்படும் டிஎச்ஐஎஸ்2 போன்ற கட்டற்ற சுகாதாரத் தகவல் மென்பொருளைப் பராமரிக்க உள்ளூர் இளைஞர்களைப் பழக்க வேண்டும். தகவல் அனுப்பும் செவிலியருக்கு அதன் பயன் என்ன என்று மாதந்தோறும் தெரிவிக்க வேண்டும். இவை எதற்கும் கோடிகள் தேவையில்லை. நிர்வாகத்துக்கு மனம் வேண்டும்.