“இது சைட் வேலைதானே அக்கா?”

வீட்டு விலை பற்றிப் பேசிய நாளில் ஒரு நேயர் அழைத்தார். லேலோங்கில் அடுக்குமாடி வீடு எடுத்து, டைல்ஸ் மாற்றி, சாயம் அடித்து, ஒன்றரை ஆண்டில் விற்கிறாராம். இது மூன்றாவது வீடு. “ஆபீஸ் வேலை இருக்குக்கா. இது சைட் வேலைதானே, தொழில் இல்லையே?”

நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறோம். கம்பெனி பதியவில்லை, கடை போடவில்லை, அதனால் தொழில் இல்லை என்று. ஆனால், 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வணிகத் தன்மையுள்ள எந்த முயற்சியையும் ‘தொழில்’ என்றே எடுத்துக்கொள்கிறது. எத்தனை வீடு விற்றீர்கள், எவ்வளவு நாள் வைத்திருந்தீர்கள், விற்பதற்காகவே சீரமைத்தீர்களா, ஏன் விற்றீர்கள் என்றெல்லாம் பார்ப்பார்கள். பாட்டி விட்டுச்சென்ற வீட்டை விற்பவர் வேறு. இந்த நேயர் வேறு.

தொழில் என்றால் வருமான வரி. இல்லையென்றால் சொத்து ஆதாய வரி, அதாவது ஆர்பிஜிடி. ஒரே லாபத்துக்கு இரண்டும் விழாது.

தொழில் என்றாலே வரி கூடும் என்று பயப்பட வேண்டியதில்லை. கணக்குப் போடுவோம். வரிக்குரிய வருமானம் 50,000 ரிங்கிட் உள்ள ஒருவருக்கு வீட்டில் 60,000 ரிங்கிட் லாபம். மூன்று ஆண்டுக்குள் விற்றால் ஆர்பிஜிடி 30 விழுக்காடு. 10,000 ரிங்கிட் விலக்கு போக, வரி 15,000. அதே லாபம் தொழில் வருமானமானால், இப்போதைய விகிதப்படி கூடுதல் வரி 10,400தான். கடன் வட்டியையும் செலவாகக் கழிக்கலாம்.

சிக்கல் வேறு இடத்தில். குடிமக்களுக்கு ஆறாவது ஆண்டிலிருந்து ஆர்பிஜிடி பூஜ்யம். அதை நம்பி நாலைந்து வீடுகளை வைத்திருந்து வரிசையாக விற்பவரை வணிகர் என்று வாரியம் முடிவு செய்தால், பூஜ்யம் போய் முழு வருமான வரி வந்து நிற்கும். எது லாபமோ அதை நாமே தேர்ந்தெடுக்க முடியாது. (மாமா சொன்னார், ஏஜண்ட் சொன்னார் என்பதும் செல்லாது!)

அந்த நேயரிடம் நான் கேட்டது ரசீதுகளைப் பற்றித்தான். குத்தகையாளர் வாட்ஸ்அப்பில் விலை சொல்லி, ரொக்கம் வாங்கிப் போய்விட்டாராம். தொழில் கணக்கென்றால் ஆவணங்களை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். பி பாரத்தை ஜூன் 30க்குள் அனுப்ப வேண்டும். நான்காவது வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்குள் ஒரு வரி ஆலோசகரைப் பார்த்துவிடுங்கள் என்றேன். “அவருக்குக் கொடுக்கிற காசையும் கழிக்கலாமா அக்கா?” என்கிறார்!